கேட்டுவிட்டு எடுப்பதா, எடுத்துவிட்டுக் கேட்பதா?

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போகிறீர்கள், கையில் 70-200 எம்எம் நெடுந்தூர லென்ஸ் இருக்கிறது. கூட்டத்தில் இருப்பவர்களை அவர்கள் அறியாமல் தூரத்திலிருந்து எடுக்கலாமா, கேட்டால் எல்லாரும் விறைத்துக்கொண்டு நிற்கிறார்களே, கேட்காமல் எடுத்தால் சட்டப்படி தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். லென்ஸைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டு கேள்விகளிலும் உள்ள சிக்கலில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

அந்த 70-200-ஐ அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் ஆழ்வார்புரம் பக்கம் விடியற்காலையில் உங்களால் முழங்கையைக்கூட மடக்க முடியாது. உங்களுக்கும் நீங்கள் குறிவைக்கும் முகத்துக்கும் நடுவில் எப்போதும் யாருடைய தோளோ, யாருடைய குழந்தையோ இருக்கும். மேலே ஏறி நின்று எப்படியோ எடுத்தாலும் கிடைப்பது பின்னணி மங்கிப்போன ஒரு முகம். அது மதுரையா, திருவண்ணாமலையா, ஊர்ச் சந்தையா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. திருவிழாவை எடுக்கப் போய்த் திருவிழாவைத் துடைத்துவிட்டு வருவதில் என்ன பயன்?

இதைவிட முக்கியமான காரணம் வேறு. முப்பது மீட்டர் தள்ளி நின்று எடுக்கும்போது, எதிரில் இருப்பவருக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வழியே இல்லை. இரண்டு மீட்டரில் நின்றால் அவர் உங்களைப் பார்க்கிறார். பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், கையை ஆட்டுவார், முந்தானையை இழுத்து மூடிக்கொள்வார். பிடித்தாலோ, பொருட்டாகக் கருதாவிட்டாலோ தன் வேலையைப் பார்ப்பார். வாயால் கேட்காமலே அனுமதி கேட்பதும் பெறுவதும் அங்கே நடந்துவிடுகிறது. அருகே போனால் இயல்பு கெட்டுவிடும் என்று நெடுந்தூர லென்ஸ்காரர்கள் வாதிடுவார்கள். முதல் பத்து நிமிடத்துக்கு அது உண்மைதான். பதினொன்றாவது நிமிடத்தில் அவர்கள் அங்கே இருப்பதில்லை, அதனால் பிறகு என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

நடப்பது இதுதான். ஆற்றங்கரையில் மொட்டை போடும் இடம், நீர்மோர்ப் பந்தல், தண்ணீர் பீய்ச்சுபவர்கள் தோல் பையை நிரப்பிக்கொள்ளும் குழாயடி, இப்படி ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு அங்கேயே நில்லுங்கள். கேமரா கழுத்தில் வெளிப்படையாகத் தொங்கட்டும். முதலில் எல்லாரும் பார்ப்பார்கள். இரண்டு பேர் 'என்னை எடுங்கள்' என்று முன்னால் வந்து நிற்பார்கள். எடுங்கள், திரையில் காட்டுங்கள், சிரித்து அனுப்புங்கள். அந்தப் படம் உங்களுக்குத் தேவைப்படாது, ஆனால் நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள் என்பது அந்த இடத்துக்கே தெரிந்துவிடுகிறது. மோர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். அதற்கப்புறம் அவர்களுக்கு உங்களைவிட முக்கியமான வேலைகள் உண்டு, உங்களை மறந்துவிடுவார்கள்.

தோல் பைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அழகர் வேடம்: தலைப்பாகை, சரிகை மின்னும் சல்லடம், தோளில் ஆட்டுத்தோல் பை, அதன் முனையில் மெல்லிய குழல். அவர் தண்ணீர் பீய்ச்சும் காட்சியை நூறு பேர் எடுப்பார்கள், நூறும் ஒரே படமாக இருக்கும். நீங்கள் குழாயடியில் இருந்தால், பைக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவர் பக்கத்தில் நிற்கும் மகனின் தலைப்பாகையை இடது கையால் சரிசெய்வதைப் பார்ப்பீர்கள். பையின் வாயைக் கட்டும் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பார், மகனைத் திட்டவேண்டும், வாய் திறக்க முடியாது, கண்ணால் திட்டுவார். அந்தக் கண் 'எனக்காக ஒருமுறை செய்யுங்கள்' என்று கேட்டு வருவதில்லை, முப்பது மீட்டர் தொலைவிலிருந்து தெரிவதுமில்லை. சர்க்கரை நிரப்பிய செம்பில் வாழையிலை சுற்றி, மேலே சூடம் ஏற்றி நிற்கும் பெண்களும் அப்படித்தான். சாமி வரும் திசையில் ஒரு கண், சூடம் அணைந்துவிடக்கூடாதே என்று செம்பின் மேல் ஒரு கண். அந்த நேரத்தில் நீங்கள் கண்ணில்படவே மாட்டீர்கள்.

28 அல்லது 35 எம்எம் லென்ஸ் போதும். கைபேசிதான் என்றாலும் குறையில்லை, அதன் முதன்மை கேமரா ஏறத்தாழ இதே அகலத்தைத்தான் பார்க்கிறது. முழுச்சட்டக கேமராவில் 28 எம்எம் லென்ஸின் துளையை எஃப் 8-இல் வைத்து, ஃபோகஸை இரண்டரை மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறத்தாழ 1.4 மீட்டரிலிருந்து 10 மீட்டர்வரை எல்லாம் தெளிவாக விழும். பிறகு ஃபோகஸைப் பற்றி நினைக்கவே வேண்டாம், கேமராவை உயர்த்தி அழுத்துவதுதான் வேலை. கூட்டம் அசைந்துகொண்டே இருப்பதால் ஷட்டர் வேகம் 1/250-க்குக் கீழே இறங்காதபடி ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, தானியங்கியில் விட்டுவிடுங்கள். ஆடுபவர்களுக்கு 1/500 வேண்டும். விடியுமுன் வெளிச்சம் போதாது, அப்போது எஃப் 2.8 வரை திறந்து, ஐஎஸ்ஓ 6400 ஆனாலும் ஆகட்டும் என்று எடுங்கள். புள்ளி விழுந்த படத்தை மன்னிக்கலாம், ஆடிப்போன படத்தை என்ன செய்வது? ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். ஒருமுறை மின்னினால் நீங்கள் நின்று சம்பாதித்த மறதி மொத்தமும் போய்விடும்.

ஓசையற்ற மின்னணு ஷட்டரைப் பலர் பரிந்துரைப்பார்கள். இரவில் எல்இடி அலங்கார விளக்குகளின் கீழ் அது படத்தில் வரிவரியாகக் கோடு போடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அசையாமல் நிற்பவர்களுக்கு 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம், இல்லாவிட்டால் பழைய இயந்திர ஷட்டரையே வைத்துக்கொள்ளுங்கள். மேளச் சத்தத்தில் அதன் ஓசை யாருக்குக் கேட்கப்போகிறது? ஜப்பானிலும் தென்கொரியாவிலும் விற்கும் கைபேசிகளில் ஷட்டர் ஒலியைப் பெரும்பாலும் அணைக்கவே முடியாது. திருட்டுத்தனமாகப் பெண்களை எடுப்பதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. ஓசை கேட்டால் பிரச்சினையாகிவிடும் என்று தோன்றும் படம் எதுவானாலும் எனக்கு அதன்மேல் சந்தேகம்தான்.

மறைந்து எடுப்பதற்குப் பெரிய முன்னோர்கள் இருக்கிறார்களே என்று நீங்கள் சொல்லலாம். இருக்கிறார்கள். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் தன் லைக்கா கேமராவின் பளபளப்பான பாகங்களைக் கறுப்பு நாடாவால் மறைத்துவைத்தார். அமெரிக்கரான பால் ஸ்ட்ராண்ட் 1910-களின் நடுவில் கேமராவின் பக்கவாட்டில் பொய் லென்ஸ் ஒன்றைப் பொருத்தி, வேறு பக்கம் பார்ப்பதுபோல் நியூயார்க் தெருமுகங்களை எடுத்தார். வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை கேமராவைக் கோட்டுக்குள் ஒளித்து, பொத்தான்களுக்கு இடையே லென்ஸ் எட்டிப்பார்க்க, சுரங்க ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களை எடுத்தார். ஆனால் எவன்ஸ் அந்தப் படங்களைப் புத்தகமாக வெளியிட்டது 1966-இல். கால் நூற்றாண்டு கழித்து. எடுப்பது ஒன்று, வெளியிடுவது வேறொன்று என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று எடுத்த படம் ஊர் போய்ச் சேருமுன் இன்ஸ்டாகிராமில் ஏறிவிடுகிறது. நடுவில் யோசிக்க இருந்த காலம்தான் காணாமல் போயிருக்கிறது.

சட்டத்துக்கு வருவோம். பொது இடத்தில் இருக்கும் ஒருவரைப் படம் எடுக்க அவருடைய முன் அனுமதி வேண்டும் என்று பொதுவாக விதிக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. தெருவில் சாமி வருகிறது, லட்சம் பேர் நிற்கிறார்கள், நீங்கள் எடுக்கிறீர்கள், இதில் குற்றம் ஏதுமில்லை. எடுத்த படத்தின் பதிப்புரிமையும், யாரும் உங்களை அமர்த்தி எடுக்கச் சொல்லவில்லை என்றால், 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுடையதுதான். ஆனால் 'பொது இடம்தானே' என்பதை எல்லாவற்றுக்கும் கேடயமாக்கிவிட முடியாது. தனித்து விடப்படும் உரிமையைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1994-லேயே, ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில் பேசிவிட்டது. அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அறிவித்த 2017 புட்டசாமி தீர்ப்பில், ஒருவர் பொது இடத்துக்கு வந்துவிட்டார் என்பதாலேயே அந்த உரிமையை இழந்துவிடுவதில்லை என்பதும் சொல்லப்பட்டிருக்கிறது.

குற்றவியல் சட்டம் தெளிவாகக் கோடு கிழித்திருக்கும் இடங்களும் உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவு, யாரும் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு பெண் நம்பியிருக்கும் அந்தரங்கச் செயலை எடுப்பதையோ பரப்புவதையோ குற்றமாக்குகிறது. முதல் தடவைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படமெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஈ பிரிவில் மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரே பெண்ணை அவர் விருப்பமின்றித் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்தால் சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு வருகிறது. கேமரா கையில் இருந்தால் அது பின்தொடர்வதாகாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

இதில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் நீராடும் துறைகள். ஆடிப்பெருக்குக் காவிரிக்கரையும் தை அமாவாசை ராமேசுவரமும் ஊரறிந்த பொது இடங்கள்தான், ஆனால் ஈரப்புடவையோடு கரையேறி, நான்கு பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடிக்க நடுவில் ஒருத்தி உடை மாற்றும் அந்த ஓரம் பொது இடம் இல்லை. 2025 கும்பமேளாவில் பெண்கள் நீராடும் காட்சிகளை எடுத்துப் பரப்பிய, விற்ற சமூக ஊடகக் கணக்குகள்மீது உத்தரப் பிரதேசக் காவல்துறை வழக்குப் பதிந்தது. 2028-இல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. குளத்தின் நான்கு கரைகளிலும் கைபேசி உயர்ந்து நிற்கப்போவதை நினைத்தால் எனக்கு இப்போதே அலுப்பாக இருக்கிறது.

கோயிலுக்குள் என்றால் விவாதமே இல்லை. தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கோபுர வாசலுக்கு வெளியே உங்கள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் அனுமதித்தும் நான் எடுக்காதவை, எடுத்தாலும் வெளியிடாதவை சில உண்டு. அருள் வந்து ஆடுபவர் அவற்றில் முதல். தலை விரிந்து, சேலை நழுவி, தன் நினைவின்றி ஆடும் ஒரு பெண்ணின் முகம் கண்ணைப் பறிக்கும் படம்தான். நாளை அது அவளுடைய அலுவலகத்துக்கும் மகனுடைய பள்ளிக்கூடத்துக்கும் போகும். நான் அவளைத் தாங்கப் பாயும் கைகளை எடுப்பேன். ஒருத்தி இடுப்பில் முந்தானையைச் செருகுவாள், இன்னொருத்தி எலுமிச்சம்பழத்தோடு ஓடி வருவாள், மூன்றாமவள் 'கேமராவை இறக்குங்கள்' என்று உங்களைப் பார்த்துக் கத்துவாள். அந்த மூன்றாமவள் சொல்வதை உடனே கேளுங்கள்.

குலசேகரன்பட்டினம் தசரா நேரெதிர். அங்கே விரதமிருந்து வேடம் போடுபவர்கள் பார்க்கப்படவே வருகிறார்கள். காளி, குரங்கு, காவலர், பிச்சைக்காரர் என்று தெருத்தெருவாகக் காணிக்கை வாங்கி அம்மனுக்குச் செலுத்துவார்கள். படம் எடுக்குமுன் தட்டில் பத்து ரூபாய் போடுங்கள். அதைக் கூலியாக நினைத்து நீட்டாதீர்கள், காணிக்கையாகவே போடுங்கள். காளி வேடக்காரர் சடாமுடியைப் பக்கத்தில் இறக்கிவைத்து, கோரைப்பல்லைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கும் தருணத்தை மட்டும் கேட்டுவிட்டு எடுங்கள். சாமியாக இருக்கும்போது கேமராவுக்கு அஞ்சாதவர், இடைவேளையில் மனிதராக இருக்கும்போது வெட்கப்படலாம்.

கூவாகத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில், சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் திருநங்கைகள் கூத்தாண்டவருக்கு, அதாவது அரவானுக்கு, தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவான் களப்பலியானதும் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்தி அழுகிறார்கள். அழும் ஒருவரைச் சுற்றி இருபது லென்ஸ்கள் வட்டமிட்டு நிற்பதை அங்கே ஆண்டுதோறும் காணலாம். அலங்கரித்துக்கொண்டு கேமராவை நோக்கிச் சிரிப்பவர்கள் ஏராளம், அவர்களைத் தாராளமாக எடுங்கள். ஆனால் வீட்டுக்கு இன்னும் சொல்லாதவர்கள், வேலையிடத்தில் வேறு பெயரில் வேறு உடையில் இருப்பவர்கள், ஆண்டில் இரண்டு நாள் மட்டும் தாங்களாக இருக்க அந்த ஊருக்கு வருபவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். உங்கள் ஒரு பதிவு அவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றிவிடும். அங்கே முகம் தெரியும் தனிப்படம் எதுவானாலும் கேட்டே எடுக்க வேண்டும், வெளியிடுவதற்குத் தனியாக இன்னொரு முறை கேட்க வேண்டும் என்பதில் எனக்குச் சமரசம் கிடையாது. 'இயல்பாக வராது' என்பீர்கள். வராமல் போகட்டும்.

படம் நல்லவிதமாகப் பரவினாலே ஒருவர் வாழ்க்கை குலையலாம். அதே 2025 கும்பமேளாவில் மாலை விற்க வந்த ஓர் இளம்பெண்ணின் கண்கள் அழகாக இருக்கின்றன என்று காணொளி பரவியது. பரவியது பாராட்டுத்தான். ஆனால் மாலை வாங்குவோரைவிடப் படம் எடுப்போர் அதிகமாகி, விற்கவே முடியாமல் அவர் பாதியில் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு அவருக்குத் திரைப்பட வாய்ப்பு வந்ததைச் சொல்லி இதைச் சமன்செய்வார்கள். அவர் வந்தது மாலை விற்க.

யாராவது ஆட்சேபித்தால் என்ன செய்வது? கேமராவை முதலில் இறக்குங்கள். 'அண்ணே, திருவிழாப் படம் எடுக்கிறேன், பாருங்கள்' என்று திரையைக் காட்டுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். 'இதில் நான் நல்லா இல்லையே, வேறு எடுங்கள்' என்பவர்கள்தான் அதிகம். அழிக்கச் சொன்னால் அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள். உங்கள் கேமராவைப் பறிக்கவோ கட்டாயப்படுத்தி அழிக்கவைக்கவோ தனிமனிதர் யாருக்கும் சட்ட உரிமை கிடையாது என்பது உண்மை. அந்த உண்மையைத் திருவிழாக் கூட்டத்தின் நடுவில், மனைவியைப் படமெடுத்ததற்காகக் கொதித்து நிற்கும் ஒருவரிடம் விளக்கிக்கொண்டிருப்பவருக்கு விவேகம் குறைவு. குழந்தைகள் என்றால் பக்கத்தில் உள்ள அம்மாவையோ தாத்தாவையோ பார்த்துத் தலையசைத்து, அவர்களும் தலையசைத்த பிறகு எடுங்கள். தனியாக நிற்கும் குழந்தையை எடுக்கவே வேண்டாம்.

வெளியிடும்போது இருப்பிடக் குறிப்பை நீக்கிவிடுங்கள். தலைப்பில் கதை கட்டாதீர்கள். களைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியை 'பிள்ளைகளால் கைவிடப்பட்டவள்' என்று எழுதிவிடுகிறார்கள். அவளுடைய மூன்று பிள்ளைகளும் பஞ்சாமிர்தம் வாங்கப் போயிருப்பார்கள். கண்காட்சி, பத்திரிகை, உங்கள் பக்கம் என்பதோடு நின்றால் கையெழுத்து வாங்காமல் காலம் தள்ளலாம். விளம்பரத்துக்கோ, படங்களை விற்கும் படவங்கிக்கோ முகம் தெரியும் படம் போகிறதென்றால் அவருடைய எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும், அதை அன்றே வாங்கினால்தான் உண்டு.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வீட்டுக்கும் கேமராவோடு போவதாக எழுதியிருந்தீர்கள், அதற்கும் ஒரு வார்த்தை. ஜெர்மனியில் ஒருவர் படத்தை வெளியிட அவருடைய சம்மதம் வேண்டும் என்று 1907-லேயே சட்டம் வந்துவிட்டது. 1898-இல் பிஸ்மார்க் இறந்தபோது இரண்டு பேர் இரவில் உள்ளே புகுந்து பிணத்தைப் படமெடுத்த விவகாரம்தான் அதற்கு வித்து. கூட்டங்கள், ஊர்வலங்களுக்கு விலக்கு உண்டு, அதனால் அங்கே ஹம் நகரத்துக் காமாட்சியம்மன் கோயில் தேரைக் கூட்டத்தோடு எடுக்கலாம், கூட்டத்திலிருந்து ஒரு முகத்தைத் தனியே பிரித்துப் போடும்போது விலக்கை நம்ப முடியாது. பிரான்சிலும் கிட்டத்தட்ட இதே கறார்தான், பாரிஸ் லா ஷப்பேல் பிள்ளையார் தேருக்குப் போனால் நினைவிருக்கட்டும். கனடாவில் கியூபெக் மாநிலம் தனி. மாண்ட்ரியலில் வாசற்படியில் உட்கார்ந்திருந்த பதினேழு வயதுப் பெண்ணின் படத்தைக் கேட்காமல் பிரசுரித்ததற்காக, 2000 டாலர் இழப்பீடு தரவேண்டும் என்பதை 1998-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே உறுதிசெய்தது.

மதுரைக்குப் போகும்போது இரண்டு பிளாஸ்டிக் பைகளும் ரப்பர் வளையங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், தோல் பைக்காரர்கள் கேமராவைப் பார்த்துத் தயவு காட்டமாட்டார்கள். ஆற்றுக்குள் இறங்கும் நெரிசலில் கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்துக்கொண்டு நகராதீர்கள், 2022-இல் அந்த நெரிசலில் இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள். முந்தின நாள் மூன்றுமாவடியில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கே போய்விடுங்கள். அங்கே ஓரளவு நிற்க இடமிருக்கும், நிழலும் உண்டு, முகங்களும் நிறையக் கிடைக்கும்.